ஒரு பெட்டிக்கு ஒரு திருகாணி

மேசை விசிறி செய்யும் அந்தத் தொழிற்சாலையில், ஸ்டோர்க்காரரின் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘முப்பது’ என்று பெயர். யார் எத்தனை கேட்டுச் சீட்டு நீட்டினாலும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதில் முப்பதைக் கழித்துத்தான் கொடுப்பார். நூறு பொட்டலம் திருகாணி கேட்டால் எழுபது. முப்பது கேட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பியதும் உண்டு. ஏன் முப்பது என்று அவருக்கே தெரியாது. கேட்டதைக் கேட்டபடி தூக்கிக் கொடுப்பதற்கு ஓர் ஆள் எதற்கு, அந்த ஆளுக்கு ஒரு மேசை எதற்கு என்பது அவர் கட்சி. இருபத்தாறு வருஷமாக அந்தக் கட்சிக்கு அவரே தலைவர், அவரே தொண்டர்.

அப்படிப்பட்டவரைத்தான் ‘சரியான நேரச் சரக்கு’த் திட்டத்துக்கு முதன்மைப் பயனராக நியமித்தார்கள். திறமையைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று அவர் வீட்டில் சொல்லிவைத்தார். உண்மையில், ஆள் பிடிக்கும் கூட்டம் நடந்த அன்று அவர் பல் பிடுங்கப் போயிருந்தார். வந்திருந்த பதினோரு பேரும் வராத ஒருவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தவரால் மறுப்புச் சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. அதைச் சம்மதம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

திட்டத்தை விளக்க ஓர் ஆலோசகர் வந்தார். கையில் மடிக்கணினி, அதற்கு ஒரு பை, அந்தப் பைக்கு ஓர் உறை. வந்தவுடன் ஸ்டோர் அறைக்குள் நுழைந்து, உத்தரம் வரை ஏறி நின்ற அடுக்குகளை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“ஸ்டாக்குங்கறது ஒரு பயம் சார். நாளைக்குக் கிடைக்காதோங்கற பயம். ரூம் பூரா பயத்தை அடுக்கி வெச்சிருக்கீங்க.”

ஸ்டோர்க்காரர் அடுக்குகளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷமும் அவை திருகாணி என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

“இனிமே லைன்ல ஒருத்தர் கையை நீட்டுவார். கை நீட்டற நேரத்துக்குச் சாமான் அங்க வந்து நிக்கும். ஒரு நிமிஷம் முன்னாடியும் வராது, பின்னாடியும் வராது. கம்ப்யூட்டர் அழைப்பு அட்டை அடிச்சுக் குடுக்கும். அட்டை இருந்தா சாமான் நகரும். அட்டை இல்லன்னா ஒரு துரும்பும் நகரக் கூடாது.”

“வர்ற வழியில வண்டி பஞ்சர் ஆச்சுன்னா?”

ஆலோசகர் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். “பஞ்சருக்கு இதுல இடம் இல்ல சார்.”

“இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது செஞ்சிருக்கீங்களா?”

“பதினாறு ஃபேக்டரியில செஞ்சிருக்கேன். அதுல பதினொண்ணு இன்னும் நடக்குது.”

பக்கத்தில் நின்ற பொது மேலாளர் கை தட்டினார். “கேட்டீங்களா? பதினொண்ணு!”

அன்று சாயங்காலமே பொது மேலாளர் எல்லோரையும் கூட்டி உரையாற்றினார். “இந்த மாசக் கடைசியில நம்மகிட்ட எதுவுமே இருக்காது. எதுவுமே இல்லாத கம்பெனின்னு நாலு பேர் நம்மைப் பத்திப் பேசணும். அதுதான் என் கனவு. சரக்கே இல்லாதப்ப சரக்கு வைக்க ரூம் எதுக்கு? அதைப் பெருசா ஒரு மீட்டிங் ஹாலா மாத்திடுவோம். ரூமே இல்லாதப்ப அதுக்கு ஒரு…” இங்கே அவர் கண் ஸ்டோர்க்காரர் மேல் விழுந்தது. பேச்சை நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, நன்றியுரைக்குத் தாவினார்.

திட்டம் ஜெயித்தால் ஸ்டோர் போய்விடும். ஸ்டோரோடு அவரும் போவார். தோற்றால், முதன்மைப் பயனர் என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அப்போதும் அவர்தான் போவார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. வீட்டில் மனைவியிடம் சொல்லிப் புலம்பினார்.

“ரெண்டு பக்கமும் அடின்னா எதுக்குப் பயப்படறீங்க? ஒரு பக்கம்னாதான் எந்தப் பக்கம்னு யோசிக்கணும்,” என்றாள் அவள். அப்புறம் முகம் மாறிவிட்டது. “ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். வேலை போச்சுன்னு வீட்டுல உக்காந்துட்டு என் சமையல் டப்பாவை எல்லாம் எண்ணக் கூடாது.”

அவருக்கும் அந்தப் பயம்தான். வேலை போனால் யாரும் சீட்டு நீட்டமாட்டார்கள். நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியோடு ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்துப் பார்த்தார்; அவருக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் முதல் பட்டியல் வேலை. மோட்டார், இறக்கை, கூடு மாதிரியான பெரிய சாமான்கள் லாரியிலிருந்து நேராக லைனுக்குப் போகும், கேட்டிலேயே கணக்காகிவிடும். ஸ்டோர் வழியாகப் போகவேண்டியது திருகாணி மட்டும்தான். ஒரு விசிறிக்கு எட்டு. ஒரு நாளைக்கு நூற்றிருபது விசிறி. ஆலோசகர் திரையில் ஒரு கட்டத்தைக் காட்டினார். ‘ஒரு பெட்டிக்கு எத்தனை?’ என்று கேட்டிருந்தது.

“ஒரு தடவை அழைச்சா குறைஞ்சபட்சம் எத்தனை குடுப்பீங்க சார்? மனசுல படறதைச் சொல்லுங்க.”

மனசில் பட்டதைச் சொல்லுங்கள் என்று இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவரைக் கேட்டதில்லை. அவர் உண்மையைச் சொன்னார்.

“ஒண்ணு.”

ஆலோசகர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “சார்! ஒற்றைத் துண்டு ஓட்டம்! ஒண்ணு ஒண்ணா நகர்ற சரக்கு! உலகத்துல பெரிய பெரிய கம்பெனியெல்லாம் இதுக்குத்தான் தவம் கிடக்குது. நீங்க எங்க சார் படிச்சீங்க?”

ஸ்டோர்க்காரர் எங்கேயும் படிக்கவில்லை. கஞ்சத்தனம் அவருக்குக் கூடப் பிறந்தது. ஆனால் பாராட்டு கிடைக்கிற இடத்தில் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பது அவருக்குப் பழக்கமில்லை. அசடு வழியச் சிரித்து, கட்டத்தில் ‘1’ என்று தட்டினார். தன் கழுத்துக்குத் தானே அளவெடுத்துக் கொடுக்கிறோம் என்று அப்போது அவருக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ‘ஒற்றைத் துண்டு ஓட்டம்’ என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது.

மாதம் முடியுமுன் இருப்பைப் பூஜ்யமாக்க வேண்டும். மிச்சத்தைத் திருகாணி வியாபாரிக்கே திருப்பி அனுப்பினார்கள். அடுக்குகள் காலியாவதை அவர் எண்ணிக்கொண்டே நின்றார். கடைசி மூன்று மூட்டைகளை அனுப்ப மனசு வரவில்லை. எங்கே வைப்பது? நடையில் வரிசையாகத் தொங்கிய சிவப்புத் தீயணைப்பு வாளிகள் கண்ணில் பட்டன. வாளி பாதுகாப்புத் துறையுடையது. சரக்குக் கணக்கில் வராது. சாப்பாட்டு வேளையில் யாரும் இல்லாதபோது மூன்று வாளிகளில் இருந்த மணலைக் கொட்டிவிட்டுத் திருகாணியை நிரப்பி, மேலே இரண்டு விரற்கடை மணல் பரப்பினார். கம்பெனிப் பொருளைக் கம்பெனிக்குள்ளேயே திருடிக் கம்பெனியிலேயே வைத்துவிட்ட முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அவசரத்தில் கொஞ்சம் மணல் செருப்புக்குள் போய்விட்டது. அன்று முழுக்க அது நறநறவென்று அவரைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது.

திங்கட்கிழமை தொடக்க விழா. தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பொது மேலாளர் பேசினார்: “இன்னிக்கு நம்ம ஸ்டோர்ல ஒண்ணுமே இல்லன்னு பெருமையோட சொல்லிக்கறேன். நான் பொறுப்பேத்தப்ப இங்க எல்லாம் இருந்துது. இப்ப எதுவும் இல்ல.” கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. இயக்குநர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

லைனின் முதல் இடத்தில் நின்ற அம்மா, சொல்லிக்கொடுத்தபடி கையை நீட்டினாள். கணினி ஒரு திருகாணிக்கு ஓர் அட்டை அடித்தது. ஸ்டோருக்கு ஒரு பிரதி, லைனுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, ஆலோசகருக்கு ஒன்று, ஆக நான்கு தாள். அன்று காலை வியாபாரி இறக்கிவிட்டுப் போன பெட்டிகளில் ஒன்றை, உள்ளே ஒரே ஒரு திருகாணியோடு, ஸ்டோர்க்காரர் நீலத் தட்டில் ஏந்திக்கொண்டு நடந்தார். ஸ்டோரிலிருந்து லைனுக்கு எழுபத்து நான்கு காலடி. போனார், கொடுத்தார், திரும்பினார். அடுத்த அட்டை தயாராக இருந்தது. மறுபடி தட்டு, மறுபடி எழுபத்து நான்கு. அந்த அம்மா கையை மடக்கவே இல்லை. மடக்கினால் கோரிக்கை ரத்தாகிவிடும் என்று ஆலோசகர் எச்சரித்திருந்தார். ‘மனசுல படறதைச் சொல்லுங்க’ என்று கேட்டபோது கன்னம் அன்றுபோல வீங்கி வாய் திறக்க முடியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஐந்தாவது நடையில் அவர் தன்னையே நொந்துகொண்டார்.

முதல் விசிறி முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கூடம் வெந்தது. விசிறித் தொழிற்சாலையில் உட்கார்ந்திருந்த இயக்குநர் பழைய அட்டை ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டார்.

ஒன்பதாவது திருகாணிக்குப் பிரின்டர் நின்றுவிட்டது. காகிதம் தீர்ந்துபோயிற்று. காகிதமும் இருப்புதான் என்று ஆலோசகர் வெள்ளிக்கிழமையே கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பியிருந்தார்.

“காகிதம் எடுத்துட்டு வாங்க,” என்றார் பொது மேலாளர்.

“அட்டை இல்லாம எதுவும் நகரக் கூடாது சார். காகிதத்துக்கும் அட்டை அடிக்கணும்,” என்றார் ஆலோசகர்.

“அடிங்க.”

“அடிக்கக் காகிதம் வேணும் சார்.”

இயக்குநர்தான் வழி கண்டார். இது கொள்கை சம்பந்தப்பட்ட விஷயம், உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். இயக்குநர், பொது மேலாளர், ஆலோசகர் மூவரும் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு மாடியில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கூடத்தில் இருபத்து நான்கு பேர் நின்றார்கள். லைன் மேற்பார்வையாளர் ஸ்டோர்க்காரரிடம் வந்தார். ஸ்டோர்க்காரரின் மனைவிக்குத் தம்பி அவர். வீட்டில் மச்சான், தொழிற்சாலையில் எதிர்க்கட்சி. தினம் காலையில் எண்பது பொட்டலத்துக்குச் சீட்டு நீட்டி, ஐம்பதோடு முணுமுணுத்துக்கொண்டு போகிறவர்.

“அத்தான், சாயங்காலம் கீழ வந்து பாக்கறப்ப ஒரே ஒரு ஃபேன் இருந்தா முதல்ல உங்களைக் கை காட்டுவாங்க. அப்புறம் என்னை. அப்புறம் இவங்க எல்லாரையும்.”

ஸ்டோர்க்காரர் வாளிகள் இருந்த திசையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். பெட்டிச் சரக்கை அட்டை இல்லாமல் தொட முடியாது; வாளிச் சரக்கு எந்தக் கணக்கிலும் இல்லை. அதை எடுத்துக் கொடுத்தால் திட்டம் ஜெயித்துவிடும். தன் அறையைத் தானே இடித்த மாதிரி. கொடுக்காவிட்டால் பழி. எப்படியும் வீட்டு ஜன்னலோரம்தான். யோசித்துக்கொண்டே நின்றார்.

“சார், இப்பவாவது கையை மடக்கலாமா?”

முதல் இடத்து அம்மா கேட்டாள். காலையிலிருந்து நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு கையை முட்டுக்கொடுத்திருந்தாள். ஸ்டோர்க்காரருக்கு வெட்கமாகப் போயிற்று. தான் தட்டிய ‘1’ அந்தக் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பட்டது. நடைக்குப் போய், முதல் வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டு, மணலோடு சேர்த்து இரண்டு கையும் கொள்ளாமல் திருகாணியை அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் கொட்டினார்.

மச்சான் வாயைப் பிளந்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சை விலக்கினார். கீழே முழுக்கத் திருகாணி. வெல்டிங்காரர் சாப்பாட்டுக் கேரியரின் அடி அடுக்கைத் திறந்தார். யாரோ பொது மேலாளரின் அறைக்கே ஓடி, சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் பொது மேலாளர் தன் கைப்படவே ‘என் பொருள்’ என்று எழுதி ஒட்டியிருந்தார். பயம் தன்னிடம் மட்டும் இல்லை என்பதில் ஸ்டோர்க்காரருக்கு அப்படி ஒரு நிம்மதி. லைன் ஓடியது.

ஐந்து மணிக்கு மூவரும் இறங்கி வந்தபோது நூற்றிருபது விசிறிகள் வரிசையாக நின்றன. ஆலோசகர் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தார். கணினி தனக்குத் தெரிந்ததைச் சொன்னது: மோட்டார் நூற்றிருபது, இறக்கை நூற்றிருபது, திருகாணி எட்டு.

“எட்டு ஸ்க்ரூல நூத்திருபது ஃபேனா?” என்றார் இயக்குநர்.

ஸ்டோர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். குட்டு வெளிப்படப் போகிறது என்று காத்திருந்தார்.

“முன்னாடி ஒரு நாளைக்குத் தொள்ளாயிரத்து அறுபது சார்,” என்றார் பொது மேலாளர் தழுதழுத்த குரலில். “இத்தனை வருஷமா வீணா முறுக்கிக்கிட்டு இருந்திருக்கோம்.”

அங்கேயே உத்தரவு பிறந்தது. இனி ஒரு நாளைக்கு எட்டுத் திருகாணி. அதற்கு மேல் வாங்கத் தடை. ஸ்டோர் மூடப்படும். ஒரு விசிறியையாவது தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிடலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கணினி சொன்ன பிறகு விசிறியைப் பார்ப்பது மரியாதையாக இருக்காது.

ஸ்டோர்க்காரர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நடைக்குப் போய், கலைந்து கிடந்த மணலை வாளிகளில் நிரவிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கட்டியது. மணல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த வழியாகத்தான் இயக்குநர் காருக்குப் போனார்.

“இவர் என்ன செய்யறார்?”

பொது மேலாளர் வாளியைப் பார்த்தார். மணலுக்குள்ளிருந்து ஒரு திருகாணித் தலை மினுங்கியது. வாளிக்கு முன்னால் நகர்ந்து நின்று அதை மறைத்தார். “தீ பாதுகாப்பு சார். ரொம்ப அக்கறையான ஆள்.”

“அப்ப அதுக்கே போட்டுடுங்க,” என்றார் இயக்குநர்.

இப்படித்தான் அவர் தீ பாதுகாப்பு அதிகாரியானார். நடையிலேயே ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். வாளித் திருகாணி பதினைந்து நாளைக்கு வந்தது. பதினாறாம் நாள் அவர் ஒரு கோரிக்கை எழுதினார்: தீயணைப்பு மணல், வாரம் ஒரு வண்டி. வாங்கவேண்டிய இடம் என்று பழைய திருகாணி வியாபாரியின் முகவரியைப் போட்டார். மணல் உற்பத்திப் பொருள் இல்லை என்பதால் கணினி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பொது மேலாளர் அதை மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“தீ விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்,” என்றார் சத்தமாக. கோரிக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினார். “மணல் நல்ல கனமா இருக்கான்னு பாத்து வாங்குங்க. போன தடவை மாதிரி துரு பிடிச்சது வேண்டாம்.”

மூன்று மாதம் கழித்து ஆலோசகர் வந்தார். அவருடைய தொழிற்சாலைகளில் பன்னிரண்டு இப்போது நடந்துகொண்டிருந்தன, இது பன்னிரண்டாவது. நடையில் ஐம்பது சிவப்பு வாளிகள் இரண்டு வரிசையாகத் தொங்குவதைக் கண்டு அவர் முகம் சுருங்கியது.

“இவ்வளவு மணலா? இங்க எத்தனை தடவை தீப்பிடிச்சுது சார்?”

“ஒரு தடவைகூட இல்லங்க.”

ஆலோசகர் கணினியைத் திறந்து ‘பலன்: நூறு சதவீதம்’ என்று தட்டிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மச்சான் சீட்டோடு வந்தார். எண்பது. தீ பாதுகாப்பு அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார், எண்பதை அடித்து ஐம்பது என்று எழுதினார். எழுதும்போது உள்ளே குளுகுளுவென்று இருந்தது. லைனுக்காகவும் இல்லை, வேலைக்காகவும் இல்லை, இந்த ஒரு கோடு அடிக்கிற சுகத்துக்காகத்தான் இத்தனை நாள் செத்துப் பிழைத்தோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. அது சந்தேகமே இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது.

“ஒரு நாளைக்கு உனக்கு உண்மையில எத்தனைதான் மச்சான் வேணும்?” என்று சும்மா கேட்டார்.

“ஐம்பதுதான் அத்தான். நீங்க முப்பது வெட்டுவீங்கன்னு சேத்துப் போடறேன். நான் லைனுக்கு வந்த நாள்லேருந்து அப்படித்தான்.”

அவருக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. மச்சானிடம் காட்டிய இத்தனை வருஷக் கண்டிப்பில் ஒரு பொட்டலத்தைக்கூட அவர் மிச்சம் பிடித்ததில்லை. அதே நேரம் லைனுக்கு ஒரு பொட்டலம்கூடக் குறைந்ததும் இல்லை. இந்தத் தொழிற்சாலையில் பிசகாமல் ஓடிய ஒரே ஏற்பாடு இதுதான். அது மச்சானின் தலைக்குள் இருந்திருக்கிறது. ஐம்பதை எண்ணிக் கொடுத்து அனுப்பினார்.

உண்மையைச் சொல்லிவிட்டதால் இனி வெட்டு இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டோ என்னவோ, மறுநாள் மச்சானின் சீட்டில் நூற்றுப்பத்து என்று எழுதியிருந்தது. அவர் மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். மச்சான் உத்தரத்தைப் பார்த்தார்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அறுபதைக் கழித்து, ஐம்பது கொடுத்தார்.